கல் ரதமும் கார் ரதமும்
செங்கற்பட்டு ஜில்லாவில் பிரெஞ்சுச் சிறு வண்டிகள்

மாமல்லபுரத்திற்குப் போகிறவர்கள் எல்லோரும் ஐந்து ரதங்களைப் பார்க்கிறார்கள். தர்மராஜன், பீமன், அர்ஜுனன், திரௌபதி, நகுல சகாதேவர் என்று ஜனங்கள் அவற்றுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் பாறையைக் குடைந்து செய்த அந்த ரதங்கள், ஆயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு மேலாக ஓர் அங்குலமும் நகராமல் நிற்கின்றன. ரதம் என்று பெயர் வைத்துக் கொண்டு இவ்வளவு நிதானமாக இருக்கும் வாகனம் உலகத்தில் வேறு இல்லை.

அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ஒரகடத்தில், நகருவதற்கென்றே பிறக்கும் ரதங்கள் வரிசை வரிசையாக வெளிவருகின்றன. 2010-ம் வருஷம் மார்ச் மாதத்தில் திறக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலையை ரெனோ என்ற பிரெஞ்சுக் கம்பெனியும் நிஸான் என்ற ஜப்பானியக் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்தன. வருஷத்திற்கு 4 லட்சத்து 80 ஆயிரம் வண்டிகள் செய்யக்கூடிய ஆலை அது. 2025 ஆகஸ்டில் நிஸானின் பங்கையும் ரெனோவே வாங்கிக் கொண்டது. வடக்கே திருவள்ளூரில், முன்னொரு காலத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நடத்தி வந்த ஆலையில், சிட்ரோயன் என்ற இன்னொரு பிரெஞ்சு வண்டி தயாராகிறது. அதற்கு வேண்டிய எஞ்சினும் கியர்ப் பெட்டியும் ஓசூரில் செய்யப்படுகின்றன.

ஆகவே, "பிரெஞ்சுக் கார் வாங்கலாமா?" என்ற கேள்வி நம் ஜில்லாவைப் பொறுத்தவரையில் பாரிஸ் நகரத்துக் கேள்வி அல்ல. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் தினந்தோறும் டிபன் பெட்டியை எடுத்துக் கொண்டு போய்ச் செய்துவிட்டு வருகிற சாமானைப் பற்றிய கேள்வி. அதைச் சற்று ஆர அமர விசாரித்துப் பார்ப்போம்.

சூடேறிய சின்ன வண்டி

ஐரோப்பாவில் "ஹாட் ஹாட்ச்" என்று ஒரு ஜாதி வண்டி உண்டு. ஹாட்ச்பேக் என்பது பின்புறமே ஒரு கதவாக மேலே தூக்கித் திறக்கும் சின்னக் கார். சந்தைக்குப் போய்க் காய்கறி வாங்கி வரவும், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வரவும் ஏற்பட்டது. அந்தச் சாது வண்டிக்குள் பலமான எஞ்சினை வைத்து, கீழ்க் கட்டுமானத்தைச் சிறிது விறைப்பாக்கி விட்டால் அதற்குச் சூடு பிறந்துவிடுகிறது. வார நாட்களில் ஆபீஸ், ஞாயிற்றுக்கிழமையில் உல்லாசம். இரண்டுக்கும் ஒரே வண்டி, ஒரே கடன் தவணை. மத்தியதரக் குடும்பங்களுக்கு இது பிடித்துப் போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இந்தக் கலையில் பிரெஞ்சுக்காரர்கள் மகா நிபுணர்கள். 1972-ல் பிறந்த ரெனோ 5 என்ற சிறு வண்டிக்கு 1976-ல் ஆல்பைன் என்ற சூடான தம்பி பிறந்தான். அதே வருஷம் ஜெர்மானியர்கள் கோல்ஃப் ஜி.டி.ஐ. என்ற வண்டியைக் கொண்டு வந்தார்கள். 1984-ல் பெஜோ கம்பெனி 205 ஜி.டி.ஐ.யை வெளியிட்டது. மாமல்லபுரத்துச் சிற்பங்களை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அங்கீகரித்ததும் அதே 1984-ல்தான். கல் ரதத்துக்கும் கார் ரதத்துக்கும் ஒரே வருஷத்தில் புகழ் வந்தது என்று வைத்துக் கொள்ளலாம்.

அந்த 205 ஜி.டி.ஐ.யின் ரகசியம் எஞ்சினில் மாத்திரம் இல்லை. முதலில் வந்த எஞ்சினுக்கு 105 குதிரைச் சக்திதான். ஆனால் வண்டியின் எடையோ சுமார் 850 கிலோ. அதாவது ஒரு டன் எடைக்கு 123 குதிரைகள் வீதம் இழுக்கின்றன. மெலிந்த உடம்பும் சுறுசுறுப்பான காலும் உள்ள சடுகுடு ஆட்டக்காரனைப் போல அது வளைவுகளில் புகுந்து புறப்பட்டது. அந்த 205 ஜி.டி.ஐ. நம் தேசத்துக் கடைகளில் முறையாக விற்பனைக்கு வரவில்லை. பெஜோ கம்பெனி 1990-களின் நடுவில் பிரீமியர் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து பம்பாய்க்கு அருகே கல்யாணில் 309 என்ற சாதுவான காரைச் செய்தது. சில வருஷங்களுக்குள்ளேயே கூட்டு முறிந்து, கடையும் கட்டப்பட்டது. இந்தக் கதை பின்னால் நமக்குப் பயன்படும்; ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

முட்டைக் கூடையின் கதை

பிரெஞ்சுக்காரர்களின் சிறு வண்டிகளுக்கு இன்னொரு பரம்பரையும் உண்டு. அது வேகத்தின் பரம்பரை அல்ல, ஏழை விவசாயியின் பரம்பரை.

1930-களில் சிட்ரோயன் கம்பெனியார் தங்கள் எஞ்சினீயர்களுக்கு ஒரு கட்டளையிட்டார்கள். உழுத வயலின் குறுக்கே ஒரு கூடை முட்டையை வைத்துக் கொண்டு வண்டியை ஓட்ட வேண்டும். ஒரு முட்டைகூட உடையக் கூடாது! யுத்தம் வந்தது. பிரான்ஸ் ஜெர்மானியர் வசமாயிற்று. செய்து வைத்திருந்த மாதிரி வண்டிகளை எதிரிகளின் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு, 1948 அக்டோபரில், பாரிஸ் கண்காட்சியில் அந்த வண்டி 2சி.வி. என்ற பெயருடன் வெளிவந்தது. 375 சி.சி. எஞ்சின், 9 குதிரைச் சக்தி. பார்த்தவர்கள் சிரித்தார்கள். பிறகு 38 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் விற்றன. சிரித்தவர்களில் பலரும் வாங்கியிருக்க வேண்டும்.

ரெனோ கம்பெனியின் கதை வேறு விதம். 1945-ல் பிரெஞ்சு சர்க்கார் அதைத் தேச உடைமையாக்கினார்கள். யுத்தத்தில் நொந்து போன ஜனங்களுக்கு மலிவான சின்ன வண்டிகளைச் செய்து கொடுத்துத் தேசத்தை மறுபடியும் நடமாட வைப்பது அதன் வேலையாயிற்று. 1961-ல் வந்த ரெனோ 4, பின்பக்கம் பெரிய கதவு வைத்த வண்டி. குடியானவன் உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றினான்; தபால்காரன் கடிதப் பை ஏற்றினான். 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

முட்டைக் கூடையின் மென்மை, மூட்டை தூக்கும் சிக்கனம், ஞாயிற்றுக்கிழமை வேகம் ஆகிய மூன்றும் கலந்ததுதான் பிரெஞ்சுச் சிறு காரின் குணம். நம் ஜில்லாவில் ஓடும் இரண்டு வண்டிகளில் இந்தக் குணங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதே விஷயம்.

ஒரகடத்து வண்டியும் திருவள்ளூர் வண்டியும்

முதலாவது ரெனோ க்விட். 2015 செப்டம்பரில் ஆரம்ப விலை 2 லட்சத்து 57 ஆயிரம் ரூபாய்க்கு இது வெளிவந்தபோது மோட்டார் உலகமே திரும்பிப் பார்த்தது. ழெரார் டெதூர்பே என்ற பிரெஞ்சு எஞ்சினீயர் சென்னையிலேயே தங்கியிருந்து இந்த வேலையை நடத்தினார். தூரத்திலிருந்து சாமான் தருவிப்பதை விட்டு, ஏறக்குறைய எல்லாப் பாகங்களையும் இந்தியாவிலேயே செய்விக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஒவ்வொரு பைசாவையும் எண்ணினார். சக்கரத்தை இறுக்க நாலு நட்டு எதற்கு, மூன்று போதும். கண்ணாடியைத் துடைக்க இரண்டு துடைப்பான் எதற்கு, ஒன்று போதும் என்று கணக்குப் போட்ட வண்டி இது. டெதூர்பே 2019-ல் காலமானார். க்விட்டின் அடித்தளத்திலிருந்து பிறந்த டேசியா ஸ்பிரிங் என்ற மின்சார வண்டி இப்போது ஐரோப்பியத் தெருக்களில் ஓடுகிறது. சென்னையில் போட்ட சிக்கனக் கணக்கு பாரிஸ் வரையில் போய்ச் சேர்ந்ததில் நமக்குச் சிறிது கர்வம் இருந்தால் தவறில்லை.

முதலில் 800 சி.சி. எஞ்சினும் 54 குதிரைச் சக்தியுமாக வந்த க்விட், 2016-ல் ஒரு லிட்டர் எஞ்சினும் 68 குதிரைச் சக்தியும் பெற்றது. எடை ஏறக்குறைய 700 கிலோ.

இரண்டாவது சிட்ரோயன் சி3. 2022 ஜூலையில் 5 லட்சத்து 71 ஆயிரம் ரூபாய் ஆரம்ப விலையில் வந்தது. இதில் 1.2 லிட்டர் எஞ்சின் இரண்டு விதம். சாதாரண எஞ்சினுக்கு 82 குதிரைச் சக்தி. டர்போ வைத்ததற்கு 110 குதிரைச் சக்தியும் ஆறு கியரும் உண்டு. டர்போ என்பது என்னவோ மாயம் என்று நினைக்க வேண்டாம். கொல்லன் உலையில் துருத்தி ஊதுவதைப் போன்றதுதான். எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் பலத்தால் அதிகக் காற்றை உள்ளே திணிக்கிறார்கள். காற்று அதிகமானால் எரியும் பெட்ரோலும் அதிகம். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்துவிடுகிறது.

இப்போது பழைய 205 ஜி.டி.ஐ.யோடு கணக்குப் பார்ப்போம். டர்போ சி3-யின் எடை சுமார் 1,035 கிலோ. டன்னுக்கு 106 குதிரைகள் ஆகின்றன. க்விட்டுக்கு டன்னுக்கு 97. "அடடே, இரண்டும் பெரிய வீரனுக்கு அருகில் வந்துவிட்டனவே!" என்று தோன்றும். ஆனால் குதிரைச் சக்தி என்பது எஞ்சின் உச்சஸ்தாயியில் கத்தும்போது கிடைப்பது. நாம் தினசரி ஓட்டுவது மத்திம ஸ்தாயியில். அங்கே முக்கியம் முறுக்கு விசை. க்விட்டுக்கு அது 91 நியூட்டன் மீட்டர். டர்போ சி3-க்கு 190. க்விட் ஓட்டுகிறவர் லாரியைத் தாண்டுவதற்கு முன் ஒரு கியர் குறைத்து, எதிரே வெகு தூரம் பார்த்து, குலதெய்வத்தையும் நினைத்துக் கொள்ள வேண்டியிருக்கிறது. சி3 ஓட்டுகிறவர் காலைச் சற்று அழுத்தினால் போதும். உண்மையில் சூடேறிய வண்டி என்ற பெயருக்கு இந்த இரண்டில் ஓரளவேனும் தகுதியுள்ளது டர்போ சி3 ஒன்றுதான். க்விட்டை இளஞ்சூடு என்று சொல்லலாம்.

முப்பது கிலோமீட்டர் பரீட்சை

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். ஒரு சிறு வண்டியின் குணத்தைப் பரீட்சை செய்வதற்கு இதைவிட நல்ல சாலை கிடைப்பது அரிது. ஏனென்றால் தமிழ்நாட்டுச் சாலைகளின் சகல ரஸங்களும் இதில் சுருக்கமாக அடங்கியிருக்கின்றன.

முதலில் செங்கற்பட்டு ஊருக்குள் பஸ், ஷேர் ஆட்டோ, சைக்கிள், ஆஸ்பத்திரிக்கு வரும் ஜனக் கூட்டம். இங்கே க்விட் தான் ராஜா. 3.7 மீட்டர் நீளமே உள்ளதால் புகுந்து புறப்படும். லேசான ஸ்டியரிங்கை ஒரு கையால் திருப்பலாம். சி3 அதைவிடக் கால் மீட்டர் நீளம். அந்தக் கால் மீட்டரின் அருமை வண்டியை நிறுத்த இடம் தேடும்போது தெரியும்.

ஊரைத் தாண்டினால் ஏரியும் வயலும். அறுவடைக் காலத்தில் சாலையிலேயே வைக்கோலைப் பரப்பியிருப்பார்கள். திடீரென்று பள்ளம் வரும். அதைவிடத் திடீரென்று வேகத்தடை வரும். சி3-யின் அடிவயிறு தரையிலிருந்து 180 மில்லிமீட்டர் உயரத்திலும் க்விட்டின் அடிவயிறு ஏறக்குறைய அதே அளவிலும் இருப்பதால் இரண்டும் தட்டாமல் கடக்கின்றன. ஆனால் குலுக்கலைத் தாங்குவதில் முட்டைக் கூடையின் வம்சம் வெளிப்படுகிறது. சி3-யின் சுருள்வில்கள் பள்ளத்தை விழுங்கிக் கொள்கின்றன. திருக்கழுக்குன்றத்து அத்தை வீட்டிலிருந்து தயிர்ப் பானையைப் பின் ஸீட்டில் வைத்துக் கொண்டு வரலாம் என்று நாம் தைரியமாகச் சிபாரிசு செய்வோம். மூடி போட்டுக் கொள்வது உத்தமம்.

திருக்கழுக்குன்றத்துத் தேரடித் தெருக்களை விட்டுக் கிழக்கே திரும்பினால் காற்றின் வாசனை மாறுகிறது. சவுக்குத் தோப்புகள் தெரிகின்றன. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. வடக்கே கோவளம், தெற்கே கல்பாக்கமும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையும். இந்தச் சாலையில் கடற்காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, எடை குறைந்த க்விட் சற்று அலைபாயும். சி3 நிதானமாகப் போகும்.

ஒரு வார்த்தை. இந்தச் சாலையைக் கண்டவுடன் சில இளைஞர்களுக்குக் காலில் சனியன் பிடித்துவிடுகிறது. கடற்கரைச் சாலையில் மீனவ கிராமங்கள் இருக்கின்றன. குறுக்கே குழந்தைகளும் கூடைக்காரிகளும் வருகிறார்கள். வேகத்தைச் சோதிக்க விரும்புகிறவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயப் பாதை 1990 முதல் இருக்கிறது. அங்கே எதிரே பஸ் வராது.

வீட்டுக் கணக்கு

குடும்பஸ்தர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு கொடுக்கும்?" என்பதுதான். சர்க்கார் பரிசோதனை எண்ணிக்கையில் க்விட் லிட்டருக்கு சுமார் 22 கிலோமீட்டரும், டர்போ சி3 சுமார் 19 கிலோமீட்டரும் தருகின்றன. பரிசோதனைச் சாலையில் மாடு குறுக்கே வருவதில்லை. ஏர் கண்டிஷனரும் நம்மைப் போல் ஓயாமல் ஓடுவதில்லை. ஆகவே, க்விட்டுக்கு 18, சி3-க்கு 15 என்று வைத்துக் கொள்வோம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், ஒன்றுக்கு சுமார் 56 லிட்டர், மற்றதற்கு சுமார் 67 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றாலும் மாதத்துக்கு 1,100 ரூபாய் வித்தியாசம். வேகத்தின் ருசிக்கு இது ஒன்றும் பெரிய விலை அல்ல என்பார் ஒருவர். வருஷத்துக்கு 13 ஆயிரம் ரூபாயில் ஒரு பெண் குழந்தையின் பாட்டு வாத்தியார் சம்பளம் போகும் என்பார் அவர் மனைவி. இருவர் சொல்வதும் நியாயமே.

2025 செப்டம்பர் 22 முதல் 4 மீட்டருக்கு மேற்படாத, 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்தது. அதற்கு முன் 28 சதவிகிதமும் அதன்மேல் செஸ்ஸும் இருந்தன. இந்த இரண்டு வண்டிகளும் அந்த வரம்புக்குள் அடங்குகின்றன. அதனால் பழைய விலையை மனத்தில் வைத்துக் கொண்டு தயங்குகிறவர்கள் புதிய விலையைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது.

கடற்கரையோரம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு செலவு உண்டு. உப்புக் காற்று இரும்புக்குப் பரம வைரி. மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் பக்கத்தில் வண்டி வைத்திருப்போர் மேலே மாத்திரம் துடைத்துப் பளபளப்பாக்கினால் போதாது. அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். டர்போ வண்டிக்காரர்கள் கம்பெனி குறிப்பிட்ட எண்ணெயையே, குறிப்பிட்ட கெடுவில் மாற்ற வேண்டும். டர்போவின் சிறு சக்கரம் நிமிஷத்துக்கு லட்சக்கணக்கான சுற்றுச் சுற்றக்கூடியது. அதற்கு அழுக்கு எண்ணெய் விஷம்.

நட்சத்திர பலன்

இனிச் சொல்லப் போவது அத்தனை இன்பமான விஷயம் அல்ல.

வண்டியை மோதவிட்டு, உள்ளே இருப்பவர்கள் எப்படித் தப்புவார்கள் என்று பரிசோதித்து நட்சத்திரம் வழங்கும் ஸ்தாபனங்கள் இருக்கின்றன. ஐந்து நட்சத்திரம் என்றால் உத்தமம். 2016-ல் குளோபல் என்.கேப். என்ற ஸ்தாபனம் இந்திய க்விட்டைப் பரிசோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்புக்குக் கிடைத்தது பூஜ்யம். அதே வருஷம் திருத்தி அனுப்பிய வண்டிக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது. மறு வருஷம், 2017-ல், பிரேஸில் தேசத்தில் செய்யப்பட்ட க்விட் பரிசோதிக்கப்பட்டது. அதன் உடற்கூட்டைப் பலப்படுத்தியிருந்தார்கள். நாலு காற்றுப் பைகள் வைத்திருந்தார்கள். அதற்கு மூன்று நட்சத்திரம் கிடைத்தது.

இங்கே நாம் ஒரு கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரே பெயர், ஒரே முகம் கொண்ட வண்டி. பிரேஸில் குழந்தைக்கு மூன்று நட்சத்திரத்துக் கூடு. செங்கற்பட்டுக் குழந்தைக்கு ஒன்று. சென்னையில் வகுத்து, ஒரகடத்தில் தமிழ்க் கைகள் செய்த வண்டி, தமிழ்க் குழந்தைக்குக் குறைந்த காவல் கொடுப்பானேன்? "விலை குறைவாக இருக்க வேண்டும் என்று நீங்கள்தானே கேட்டீர்கள்?" என்று கம்பெனிக்காரர்கள் பதில் சொல்லலாம். நாம் மலிவைக் கேட்டது உண்மை. ஆனால் எதைக் குறைத்து மலிவாக்குகிறார்கள் என்று யாரும் நம்மிடம் விவரமாகச் சொல்லவில்லை. மூன்று நட்டு வைத்தால் கண்ணுக்குத் தெரியும். தகட்டுக்குள்ளே இருக்கும் பலவீனம் மோதிய பிறகுதான் தெரிகிறது.

சிட்ரோயனும் இந்த விஷயத்தில் மார் தட்டிக் கொள்ள முடியாது. பிரேஸிலில் செய்யப்பட்ட சி3-க்கு 2023-ல் லத்தீன் என்.கேப். பரிசோதனையில் பூஜ்யமே கிடைத்தது. இந்தியாவில் செய்யப்பட்ட அதன் மின்சார வடிவமான இ-சி3-க்கும் 2024-ல் பெரியவர்களின் பாதுகாப்பில் பூஜ்யம். அதே வருஷம் ஆகஸ்டில் கம்பெனியார் சி3-யைத் திருத்தி, ஆறு காற்றுப் பைகள் வைத்தார்கள். அதே குடும்பத்துப் பெரிய வண்டியான பஸால்ட், 2024 அக்டோபரில் நம் சர்க்காரின் பாரத் என்.கேப். பரிசோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. ரெனோவின் டிரைபர் என்ற வண்டிக்கு 2021-லேயே நாலு நட்சத்திரம் கிடைத்திருந்தது. ஆக, இதே ஆலைகளுக்கு, இதே தொழிலாளிகளுக்கு, கெட்டியான வண்டி செய்யத் தெரியும். ஊர் கேட்டால் செய்வார்கள்.

சூடேறிய வண்டிகளின் தத்துவத்திலேயே இந்தச் சங்கடம் அடங்கியிருக்கிறது. இன்பம் தருவது மெலிந்த உடம்பு. ஆபத்து தருவதும் அதுவே. பழைய 205 ஜி.டி.ஐ.யும் இன்றைய பரிசோதனைக்கு நின்றால் திணறித்தான் போகும். அது அக்காலத்து அறிவு. இப்போது மெல்லிய உருக்கிலேயே வலிமை ஏற்றும் வித்தை இருக்கிறது. அதற்குச் சில ஆயிரம் ரூபாய் அதிகம் ஆகும். அந்தச் சில ஆயிரத்தை ஸீட் உறைக்கும் பாட்டுப் பெட்டிக்கும் தாராளமாகக் கொடுக்கிற நாம், கூட்டின் வலிமைக்குக் கொடுக்கத் தயங்கலாமா?

சுதேசி எது?

செங்கற்பட்டு ஜில்லா மோட்டார் தொழிலில் பல அவதாரங்களைக் கண்டது. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் கம்பெனி இருந்தது. 1961 முதல் அங்கே செய்த ஹெரால்டு கார் ஒரு காலத்தில் சென்னை டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் பெருமை தந்தது. 1980-களின் முடிவில் அந்த ஆலை ஓய்ந்தது. மறைமலை நகரில் அமெரிக்க போர்டு கம்பெனி வந்தது. 1999-ல் வந்த ஐகான் கார் இளைஞர்களைக் கிறங்க அடித்தது. 2021 செப்டம்பரில் கம்பெனி விலகுவதாக அறிவித்து, 2022-ல் கடைசி வண்டி வெளிவந்தது. பல குடும்பங்களின் அடுப்பில் அன்று புகை மங்கியது. 2025-ல் அதே இடத்தில் எஞ்சின் செய்யப் போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது.

பெஜோ 309-ன் கதையை ஞாபகத்தில் வைத்துக் கொள்ளச் சொன்னோம் அல்லவா? வெளிநாட்டுக் கம்பெனி கடையைக் கட்டும்போது முதலில் கஷ்டப்படுகிறவர் தொழிலாளி. அடுத்தபடி, வண்டியை வாங்கியவர். விளக்குக் கண்ணாடி ஒன்று உடைந்தால் மாதக் கணக்கில் காத்திருக்க நேரிடும். சிட்ரோயன் 2021-ல் இந்தியாவில் பத்து நகரங்களில் மாத்திரம் கடை திறந்து ஆரம்பித்தது. பிறகுதான் மெல்ல மெல்ல விரிந்தது. ரெனோவுக்குப் பழைமையும் பரப்பும் அதிகம். வாங்குமுன் கம்பெனியின் பட்டறை நம் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று அளந்து பார்ப்பது, வண்டியின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியமான காரியம்.

இருந்தாலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். முந்தைய காலத்தில் வெளியூரில் வகுத்த வண்டியை இங்கே பூட்டிக் கொடுத்தோம். இப்போது செங்கற்பட்டுக்கு அருகே பரனூரில், மகேந்திரா உலக நகரத்தில், ரெனோ–நிஸான் தொழில்நுட்பக் கேந்திரத்தில் ஆயிரக்கணக்கான நம் எஞ்சினீயர்கள் உட்கார்ந்து வண்டிகளை வகுக்கிறார்கள். 2025 ஏப்ரலில் ரெனோ சென்னையில் ஒரு வடிவமைப்புக் கூடமும் திறந்தது. ஒரகடத்திலேயே சர்க்கார் ஏற்படுத்திய மோட்டார் ஆராய்ச்சி நிலையமும் சோதனைப் பாதையும் இருக்கின்றன. கம்பெனி போனாலும் கற்ற வித்தை போகாது. ஸ்டாண்டர்ட் ஆலையில் கற்றவர்கள் அடுத்த ஆலைகளில் குருமார்களானார்கள். சுதேசி என்பது பெயர்ப் பலகையில் இல்லை. கையிலும் மூளையிலும் தங்கும் வித்தையில் இருக்கிறது.

யார் எதை வாங்கலாம்?

ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள், முதல் தடவையாகக் கார் வாங்குகிறவர்கள், மாதச் சம்பளத்தில் தவணை கட்டுகிறவர்கள், க்விட்டைப் பார்க்கலாம். நாலு பேர் சாமானுடன் அடிக்கடி பெரிய சாலையில் போகிறவர்களுக்கும், ஓட்டுவதிலேயே ஆனந்தம் காண்கிறவர்களுக்கும் டர்போ சி3 ஏற்றது. இரண்டில் எதுவானாலும், பழைய வருஷத்து வண்டியை மலிவாகக் கிடைக்கிறதென்று எடுப்பதைவிட, காற்றுப் பைகள் அதிகமுள்ள புதிய ரகத்தை எடுப்பது விவேகம். பின் ஸீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட்டுக் கொள்ள வேண்டும். பாட்டியம்மாளுக்கு அது பிடிக்காது, வற்புறுத்திப் போட்டுவிடுங்கள்.

கடைக்குப் போனவுடன் விற்பனைக்காரர், "என்ன கலர் வேண்டும், ஸார்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லுமுன், "இந்த வண்டிக்கு எத்தனை நட்சத்திரம், தம்பி?" என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் மானேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நூறு குடும்பங்கள் கேட்டால் மானேஜர் எழுதிப் போடுவார். லட்சம் குடும்பங்கள் கேட்டால் ஒரகடத்திலும் திருவள்ளூரிலும் தகடு கனக்கும்.